ஆடு நக்கிய கட்டடம்

கட்டடத்துக்குக் காவல் இருப்பது என்றால் அதை யாரும் தூக்கிக்கொண்டு போகாமல் பார்த்துக்கொள்வது என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். யாராவது வந்து தூக்கிக்கொண்டு போய்த் தொலைத்தால் தேவலையே என்று தினமும் நினைக்க வைக்கிற வேலை அது.

பிறத்தியார் சொத்துக்குச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு திரிகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் என் கஷ்டம் அவர்களுக்குப் புரியும். கதவு திறக்கவில்லை என்றால் நம்மைத் திட்டுவார்கள். மூடவில்லை என்றாலும் நம்மைத்தான். கூரை ஒழுகினால் மேகத்தை யாரும் கேட்கமாட்டார்கள்.

நான் மூன்றாவது பாரத்தோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள். யாரும் என்னை நிறுத்தவில்லை. உட்கார்ந்து உட்கார்ந்து அலுத்துப்போய் நானே நின்றுவிட்டேன். அந்தச் சமயம் பார்த்துத்தான் ஆம்பூர் பஜாரில் எங்கள் முதலாளி, பச்சைத் தோல் வாங்கிப் பதம்போட்டு மெட்ராசுக்கு அனுப்புகிற பெரிய சாயபு, செங்கல்லில் ஒரு மாடிக் கட்டடம் கட்டி முடித்தார். கீழே வரிசையாகக் கடைகள், மேலே ஒரு பெரிய ஹால். கட்டிய மேஸ்திரி என் அப்பா. அப்பா அதுவரை கட்டியதெல்லாம் பாலாற்றங்கரையில் தோல் பதம்போடுகிற டேனரிகள்தான். மனுஷர்கள் உட்கார்ந்து வியாபாரம் பண்ணுகிற இடத்தை அவர் கட்டியது அதுவே முதல் தடவை. முதலாளி சுற்றிப் பார்த்துவிட்டு, "நீ கட்டின கூத்தை நீயே காவல் காத்துக்கினு கெட" என்று மாடிப்படிக்கு அடியில் இருந்த அறையை எங்களுக்குக் கொடுத்தார். அப்பா மறுபடியும் வாணியம்பாடிப் பக்கம் டேனரி கட்டப் போய்விட்டார். சாவிக்கொத்து என் இடுப்புக்கு வந்தது.

கீழே கோடிக் கடை ஒன்றைத் தவிர மற்றதுக்கெல்லாம் ஆள் வந்துவிட்டது. மாடி ஹாலை மட்டும் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. முதலாளி பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் எல்லாரும் கேட்கச் சொல்லிவிட்டார்: "ரம்ஜானுக்குள்ள மாடிக்கு ஆள் வரணும். இல்லேன்னா மேல கீழ எல்லாத்தையும் காலி பண்ணித் தோல் மண்டி ஆக்கிடுவேன்." அப்படி ஆனால் கடைக்காரர்கள் கிளம்ப வேண்டியதுதான். நாங்களும் ஆற்றங்கரைக் கொட்டகைக்குத் திரும்ப வேண்டியதுதான். நான் பிறந்தது அங்கேதான். அதனால்தான் அங்கே திரும்பிப் போக எனக்கு இஷ்டமில்லை. படிக்கு அடியில் தலை இடிக்கும், சரி. மூக்காவது நிம்மதியாக இருக்கும்.

ட்ராமில் பார்த்தது

முதலாளிக்கு இந்தக் கட்டட ஆசை மெட்ராசில் வந்தது. தோல் விற்கப் போனபோது ட்ராமில் உட்கார்ந்து ஒரு சிவப்புக் கட்டடத்தைப் பார்த்தாராம். ட்ராம் நிற்கவில்லை. அதனால் முன்பக்கத்தைத்தான் பார்த்தார், அதுவும் ஓடிக்கொண்டே. திரும்பி வந்து அப்பாவிடம் கையை வீசி வீசிக் காட்டினார். ஒருநாள் வளைவு உருண்டை என்றார். அடுத்த வாரம் வந்து, இல்லை, உச்சியில் கூராக இருக்கும் என்றார். இன்னொரு நாள் ஞாபகம் வந்து, ஓரத்தில் பல் பல்லாக வேலைப்பாடு இருந்தது என்றார். அப்பா எதையும் இடிக்கவில்லை. அன்றைக்கு எந்த வளைவைக் கட்டிக்கொண்டிருந்தாரோ அதில் அன்றைக்குச் சொன்னதைக் கட்டிவிட்டார். ஒரே வரிசையில் ஒவ்வொரு வளைவும் ஒவ்வொரு ஜாதி. பின்பக்கத்தைத்தான் முதலாளி பார்க்கவேயில்லையே. அதனால் பின்பக்கம் அச்சு அசல் டேனரி.

பள்ளிகொண்டாவிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு பஜாருக்கு வந்த ஒரு பெரியவர் ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னைக் கூப்பிட்டு, ரகசியம் கேட்பது போலக் கேட்டார்: "ஏம்மா, இதைக் கட்டின அண்ணன் தம்பிங்களுக்குள்ள பேச்சுவார்த்தை இல்லியா?"

வெல்லத் தண்ணி

சுண்ணாம்புக் காரைக்குக் கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீர் ஊற்றினால்தான் செங்கல் செங்கல்லைப் பிடிக்கும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். வெல்லத் தொட்டி ஒரு பக்கம், கடுக்காய்த் தொட்டி ஒரு பக்கம். கடுக்காய்த் தொட்டி மட்டும் எப்போதும் நிறைந்தே இருந்தது. வெல்லம் எங்கே போகிறது என்று அப்பாவுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும், ஏனென்றால் குடித்தவர்களில் நானும் ஒருத்தி. வெயிலில் சுண்ணாம்பு அரைத்தவர்களுக்கு அதைவிட நல்ல பானம் கிடையாது. கடைசியில் ஒருநாள் அப்பா பார்த்துவிட்டார். வரிசையாக எங்களை நிற்கவைத்துக் கரண்டியை நீட்டிச் சொன்னார்: "நாளைக்கு இந்தச் சொவுரு உழுந்துச்சுன்னா, அது நின்ன எடத்துல உங்களைத்தான் நிக்க வெப்பேன்."

தண்ணி நிக்காத தரை

டேனரியில் தரை சமமாக இருக்கக்கூடாது. கழுவி ஊற்றுகிற தண்ணீர் தானாக ஓடிச் சாக்கடையில் விழவேண்டும். அப்பாவுக்குத் தரை என்றால் அதுதான் தரை. கடைகளிலும் பின்பக்கமாகச் சரிவு வைத்தார். மாடி ஹாலில் யார் தோல் கழுவப் போகிறார்கள் என்று கேட்காமல் அங்கேயும் வைத்தார். பார்த்தால் தெரியாது. நடந்தாலும் தெரியாது. எதையாவது கீழே வைத்தால்தான் தெரியும். உடைத்துச் சமமாக்கலாமே என்று கேட்பீர்கள். செலவு என்று முதலாளி மாட்டேன் என்கிறார். மானம் என்று அப்பா மாட்டேன் என்கிறார்.

முதலில் கண்டுபிடித்தவர் தையற்கடை வரதண்ணன். கடை திறந்த அன்றைக்கு அவர் மடியிலிருந்து நூல்கண்டு விழுந்தது. அது உருண்டு, கடையைத் தாண்டி, பின்கதவைத் தாண்டி, சாக்கடைவரை போயிற்று. எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். மறுபடியும் விழுந்தது, மறுபடியும் போயிற்று. சாயங்காலம் அப்பா ஊரிலிருந்து வந்ததும் அவரைப் பிடித்துக்கொண்டார். அப்பா கொஞ்சம்கூடக் கூச்சப்படவில்லை. "தண்ணி நிக்கிற தரை ஒரு தரையா?" என்று கேட்டார். வரதண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார். "மேஸ்திரி, நான் துணி தெக்கிறவன். எங்கிட்ட எங்கய்யா தண்ணி?"

நடக்கிற மிஷின்

மாடிக்கு முதலில் வந்தவர் காட்பாடியில் டைப் அடிக்கக் கற்றுக்கொடுக்கிற வாத்தியார். ஆம்பூரிலும் ஒரு பள்ளி வைக்கலாம் என்று எண்ணம். ஹாலைப் பார்த்துக் குஷியாகிவிட்டார். காற்று வருகிறது, வெளிச்சம் வருகிறது, பஜார் சத்தம் பாதிதான் வருகிறது. நானும் தரையைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. பொய் சொல்லக்கூடாது என்றுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கேட்காததைச் சொல்லவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

அவர் உஷார் பேர்வழி. அச்சாரம் கொடுக்கும் முன் ஒரு மிஷினை வரவழைத்து, மேஜைமேல் வைத்து அடித்துப் பார்த்தார். தட்டத் தட்ட மிஷின் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது. அவரும் நாற்காலியை நகர்த்திக்கொண்டே அடித்தார். "மகாராஜராஜஸ்ரீ"யில் ஆரம்பித்தது, "தங்கள் கீழ்ப்படிதலுள்ள" என்று வரும்போது மேஜை ஓரத்துக்கு வந்து நின்றது. நான் ஓடிப்போய்ப் பிடிக்காமல் இருந்தால் ஜன்னல்வரை போயிருக்கும். வாத்தியார் வேர்வையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். கோபிக்கவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. "இங்க அடிக்கிற லெட்டரைத் தபால்லயே போடவேணாம் பாப்பா. மிஷினே நடந்துபோய்க் குடுத்துட்டு வந்துடும்."

பந்தி

சரி, வாடகைக்குத்தான் ஆள் இல்லை, கல்யாணத்துக்காவது விடலாம் என்று நானே யோசனை சொன்னேன். கல்யாணக் கூடம் என்று பேர் வந்துவிட்டால் முதலாளி மண்டியை மறந்துவிடுவார் என்று கணக்கு. ஒரு கல்யாணம் வந்தது. அணைக்கட்டு ஊர்ப் பிள்ளைவீட்டார், ஆம்பூர்ப் பெண்வீட்டார். தாலி கட்டும்வரை ஒரு குறையும் இல்லை. தேங்காய் மட்டும் ஒன்று உருண்டு போனது. அதை நல்ல சகுனம் என்று ஐயரே சமாளித்துவிட்டார்.

பந்தியில்தான் மானம் போயிற்று. சாதம் போட்டார்கள், நின்றது. பொரியல் நின்றது. சாம்பார் மெதுவாக யோசித்தது. ரசம் யோசிக்கவேயில்லை. ஒரு இலையில் ஊற்றினால் அடுத்த இலைக்குப் போகும், அங்கிருந்து அதற்கடுத்த இலைக்கு. வரிசையின் மேல்கோடியில் இருந்தவர்கள் "ரசம், ரசம்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கீழ்க்கோடியில் இருந்தவர்கள் வேட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்து நிற்கிறார்கள். கீழ்க்கோடியில் உட்கார்ந்திருந்தது பிள்ளையின் தாய்மாமன். கை கழுவும்போது பெண்ணுக்கு அப்பாவிடம் அவர் சொன்னது பஜார் முழுக்க ஒரு வாரம் ஓடியது: "சம்பந்தி, எங்களை நல்லா கவனிச்சீங்க. உங்க வீட்டு ஆளுங்களுக்கு விட்டதும் எனக்கே வந்துடுச்சு."

சொந்தக்காரர்கள்

கல்யாணக் கதை முதலாளி காதுக்குப் போனது. "ஹால் பேஜார் புடிச்ச ஹால். மண்டிதான் சரி" என்று சொல்லிவிட்டு, ஆரம்பமாகக் காலியாக இருந்த கோடிக் கடையில் உப்புப் போட்ட ஆட்டுத்தோலை அடுக்கவைத்தார். மழைக்காலம். தோலிலிருந்து உப்புத் தண்ணீர் கசிந்தது, செங்கல் அதைக் குடித்தது, பூச்சு பொரியாட்டம் உதிர்ந்தது. மழை விட்டு வெயில் அடித்ததும் வெளிச்சுவரில் உப்பு வெள்ளையாகப் பூத்துவிட்டது. சுண்ணாம்பு அடித்ததாக நினைத்து நாலு பேர் பாராட்டினார்கள்.

ஆடுகள் ஏமாறவில்லை. பக்கத்துத் தெருக் கன்னியம்மாவின் ஆடுகள் காலையில் மேயக் கிளம்பினால் நேராக எங்கள் கட்டடத்துக்கு வந்து, வரிசையாக நின்று சுவரை நக்க ஆரம்பித்துவிடும். நக்கி நக்கி ஒரு செங்கல்லில் குழியே விழுந்துவிட்டது. பக்கத்துக் கடை வரதண்ணனிடம் தைக்கக் கொடுக்க வருகிற ஆட்கள் ஆட்டைத் தாண்டி உள்ளே வர முடியவில்லை. நான் விளக்குமாற்றோடு துரத்துவேன். அவை ஒரு வட்டம் சுற்றிவிட்டு மறுபடி வரும். ஒருநாள் பொறுக்கமுடியாமல் கன்னியம்மாவை நானே போய்க் கூட்டிக்கொண்டு வந்து, "இன்னா அக்கா இது, உன் ஆடு எங்க கட்டடத்தைத் தின்னுது" என்று கத்தினேன். அவள் கடைக்குள் அடுக்கியிருந்ததைப் பார்த்தாள், வெளியே நின்ற ஆடுகளைப் பார்த்தாள். "உடு பொண்ணு. செத்துப்போன சொந்தக்காரங்களைப் பாக்க வந்துருக்குதுங்க. பாத்துட்டுப் போவட்டும்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். படிக்கு அடியில் வந்து உட்கார்ந்தபிறகு சிரிப்பு வரவில்லை. ஒரு கடைத் தோலுக்கே சுவர் இப்படி என்றால், மேலும் கீழும் அடுக்கினால் இந்தக் கட்டடம் எவ்வளவு நாள் நிற்கும்? அதற்கு முன்னால் நாங்கள் எங்கே நிற்போம்?

பின்பக்கத்துப் படி

ரம்ஜான் பிறை பார்க்கக் கொஞ்ச நாள் இருக்கும்போது வேலூரிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்தார். பெண்பிள்ளைகளுக்கு மட்டும் வைத்தியம் பார்ப்பவர். வாரத்தில் ரெண்டு நாள் ஆம்பூரில் உட்கார ஒரு இடம் தேடிக்கொண்டிருந்தார். இந்தத் தடவை நான் முந்திக்கொண்டேன். தரை சரிவு, மிஷின் நகரும், ரசம் ஓடும், ஆடு வரும் என்று மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் தரையைப் பார்க்கவேயில்லை. "முக்காடு போடுற கோஷா வீட்டுப் பொம்பளைங்க பஜார் வழியா வரமாட்டாங்க. வேற வழி இருக்கா?" என்று கேட்டார்.

இருந்தது. தோல் மூட்டை மாடிக்கும் போகும் என்று தானாகவே நினைத்துக்கொண்டு, அப்பா பின்சந்தில் ஒரு செங்கல் படி கட்டியிருந்தார். தலையில் சுமையோடு வருகிறவன் குனிந்து பார்க்காமல் ஏறவேண்டுமே என்று படிகளைத் தாழ்வாக, அகலமாக வைத்திருந்தார். அந்தச் சந்தில் பூனைகூட வராது. டாக்டரம்மா அதில் ஒரு தடவை ஏறினார், இறங்கினார், கையை வயிற்றுக்கு முன்னால் பெரிதாக வளைத்துப் பிடித்துக்கொண்டு இன்னொரு தடவை ஏறினார். "நெறமாசக்காரிகூட மூச்சு வாங்காம ஏறலாம்" என்றார்.

முதலாளிக்குப் பிடிக்கவில்லை. கெட்ட மனுஷர் இல்லை. நடக்காத காரியம் என்று நினைத்தார். வீட்டு வாசற்படி தாண்டாத பெண்கள் பஜார்க் கட்டடத்துக்கு வருவார்களா, டாக்டரம்மா ரெண்டு வாரம் ஈ ஓட்டிவிட்டுப் போய்விடுவார், அதற்குள் தோல் சீசன் போய்விடும். நான் விடாமல் பின்படி, பின்சந்து என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் கையை உதறினார். "அரே, எந்த ஊட்டுப் பொம்பளை வருவா? ஒரு ஊட்டைச் சொல்லு, ஒரே ஒரு ஊடு. சாவியை நாளைக்கே குடுத்துடு."

ஒரு வீடு

எனக்கு யோசிக்கிற பழக்கம் கம்மி. நேராக முதலாளி வீட்டுக்கே போனேன். பெண்பிள்ளை என்பதால் உள்ளே விட்டுவிட்டார்கள். முதலாளியின் வீட்டுக்காரம்மாவைப் பீபியம்மா என்போம். "உங்க ஊட்டுக்காரர் கட்டின கட்டடத்தைப் பாத்திருக்கீங்களா?" என்று கேட்டேன். இல்லையாம். சாப்பிட உட்கார்ந்தால் அதைப் பற்றியே பேச்சு, ஆனால் பார்த்ததில்லையாம். மூட்டுவலி வேறு இருந்தது. அடுத்த நாள் டாக்டரம்மா முடிவு கேட்க வந்திருந்தபோது திரை போட்ட ஜட்கா வண்டியில் பின்சந்துக்கு வந்து இறங்கி, முக்காட்டோடு படி ஏறி வந்துவிட்டார். டாக்டரம்மா மூட்டைப் பார்த்து மருந்து சொன்னார். அதற்குப் பிறகு பீபியம்மா கிளம்பவில்லை. முன்பக்கத்து வளைவோரமாக நின்று பஜாரைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

கீழே முதலாளி ஒரு தரகரோடு பேரம் பண்ணிக்கொண்டிருந்தார். எங்கள் ஊரில் தோல் பேரம் வாயால் பண்ணுகிற வழக்கம் இல்லை. ரெண்டு பேர் கைமேலும் ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, உள்ளே விரலைப் பிடித்துப் பிடித்து விலை சொல்வார்கள். பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியக்கூடாது. முகத்தில்கூட விலை தெரியாது. பீபியம்மா முக்காட்டை விலக்கிக்கொண்டு பார்த்தார். "ஊட்ல இந்த வாய் பேசுற மனுசன், இங்க வாயே தொறக்க மாட்டாரா!" என்று ஆச்சரியப்பட்டார். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "போய்ச் சொல்லு. அவர் கேட்ட ஒரு ஊடு வந்துருக்குதுன்னு."

இறங்கி ஓடினேன். துண்டுக்குள் கை இருக்கும்போது யாரும் குறுக்கே பேசக்கூடாது. நான் பேசினேன். "முதலாளி, ஒரு ஊடு வந்திருக்குது. மேல பாருங்க." அவர் அண்ணாந்து பார்த்தார். வளைவில் முக்காடு தெரிந்தது. அந்த முக்காட்டைத் தெரியாமல் போகுமா? துண்டுக்குள் அவர் விரல் தவறி என்ன சொல்லிற்றோ, தரகர் அவசரமாக "ஆச்சு, முடிஞ்சுது!" என்று கையை இழுத்துக்கொண்டு சிரித்தார். முதலாளி துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. "டாக்டரம்மாகிட்ட சாவியைக் குடு. கோடிக் கடைத் தோலையும் எடுத்துடச் சொல்றேன்" என்றார். ரெண்டு எட்டு வைத்துவிட்டுத் திரும்பினார். "உங்கப்பன் வந்தா அந்த வளைவுக்கு மொதல்ல ஒரு தட்டி கட்டி மறைக்கச் சொல்லு."

மேலே ஏறி எல்லாவற்றையும் அப்படியே ஒப்பித்தேன். பீபியம்மா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். ஜட்காவில் ஏறும்போது திரையை நகர்த்தி என்னைக் கிட்டக் கூப்பிட்டார். "தட்டி கட்டட்டும், வேணாங்கல. ஆனா கண்ணு வெக்கிற அளவுக்கு ஓட்டை உட்டுக் கட்டச் சொல்லு. நம்ம தெருவுல இன்னும் நெறைய பேருக்கு மூட்டுவலி இருக்குது."

சாவிக்கொத்து இன்னமும் என் இடுப்பில்தான் தொங்குகிறது, ஆனால் இந்தக் கட்டடத்தை யார் காக்கிறார்கள் என்று பஜாரில் எந்த ஆண்பிள்ளையைக் கேட்டாலும், தட்டியில் இருக்கிற ஓட்டைகளை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு வேட்டியைச் சரிசெய்துகொண்டு நடக்கிறார்கள்.